டைக்ஸ்ட்ரா பற்றிக் கேட்டீர்கள்

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (1930–2002) என்ற நெதர்லாந்துக் கணினிப் பேராசிரியரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே வேண்டுகோள்: அவர் படத்துக்குக் கீழே பொன்மொழி போட்டுச் சுற்றுவதையெல்லாம் நம்பாதீர்கள்.

கே: குறுகிய பாதை அல்காரிதத்தைக் காப்பிக் கடையில் கண்டுபிடித்தாராமே?

ப: ஆமாம், அவரே சொன்னது. 1956, ஆம்ஸ்டர்டாம். மணக்கவிருந்த ரியாவோடு கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்து, காப்பிக்கு உட்கார்ந்தார். இருபது நிமிடத்தில் மனசுக்குள்ளேயே முடித்துவிட்டார். கையில் பென்சில்கூட இல்லை. அதனால்தான் தேவையில்லாத சிக்கல் எதுவும் உள்ளே வரவில்லை என்பார். ஆர்மாக் என்ற புதுக் கணினியை ஊருக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டியிருந்தது: 64 நகரங்கள், எதிலிருந்து எதற்கும் குறுகிய வழி. 1959இல் அச்சேறியபோது கட்டுரை மூன்றே பக்கம்.

கே: சார், நெகட்டிவ் வெயிட், அதாவது ஏதாவது ஒரு வழியின் நீளம் சுழியத்துக்குக் கீழான எண்ணாக இருந்தால்?

ப: விடை தப்பாக வரலாம். அதற்கென்றே உள்ள பெல்மன்-ஃபோர்டு அல்காரிதத்தைப் படியுங்கள்.

கே: அவர் இயற்பியலாளரா?

ப: லைடனில் படித்தது அதுதான். ஆனால் 1957இல் கல்யாணப் பதிவில் தொழில் 'புரோகிராமர்' என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் மறுத்ததால் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று எழுத வேண்டியதாயிற்று.

கே: நிரலில் வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோ-டூ கட்டளையை ஏன் அப்படித் திட்டினார்?

ப: 1968இல் ஓர் இதழில் வந்த கடிதம். 'தீங்கானது' என்ற அந்தத் தலைப்பு அவர் வைத்ததல்ல, இதழின் பதிப்பாசிரியர் நிக்லஸ் விர்த் வைத்தது. வாதம் இதுதான்: நிரல் ஓடும்போது நடுவில் நிறுத்தி 'இப்போது எங்கே இருக்கிறோம்?' என்று கேட்டால் பதில் வர வேண்டும். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் என்றால் எந்த வரி, எத்தனையாவது சுற்று என்று சொல்லிவிடலாம். இஷ்டத்துக்குத் தாவும் நிரலில் என்ன சொல்வீர்கள்?

கே: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நிறைய கோ-டூ இருக்கிறதே, அவர்களெல்லாம் முட்டாள்களா?

ப: யார் சொன்னது? பிழை வந்ததும், பிடித்துவைத்த நினைவகம் முதலியவற்றையெல்லாம் விட்டுவிட்டு வெளியேற, கீழ்நோக்கி ஒரே தாவல். அதில் இடம் குழம்புவதில்லை. கோ-டூ பொருந்தும் இடங்களை 1974இல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் விரிவாகவே எழுதினார்.

கே: அப்போ லூப்பை விட்டு வெளியேறும் பிரேக் போடலாமா? அடுத்த சுற்றுக்குத் தாவும் கன்டினியூ?

ப: போடுங்கள். சண்டையை இதோடு விடலாமா?

கே: வகுப்பில் எப்படி இருப்பார்?

ப: டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின், 1984 முதல் 1999 வரை. கரும்பலகையும் சாக்கட்டியும்தான். இறுதித் தேர்வு வாய்மொழி: ஒவ்வொரு மாணவரையும் தன் அறைக்கோ வீட்டுக்கோ வரவழைத்து மணிக்கணக்கில் பேசுவார். தன் குறிப்புகளைப் பெரும்பாலும் மைப்பேனாவால் எழுதி, இ.டபிள்யூ.டி. என்று தன் பெயரின் முதலெழுத்துகளோடு எண் போட்டு, நகலெடுத்துச் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் மறுபடி நகலெடுத்துப் பரப்புவார்கள். அந்தக் கையெழுத்தைப் பாருங்கள், அடித்தல் திருத்தல் தேடத்தான் வேண்டும்.

கே: 'வானியலுக்குத் தொலைநோக்கி எப்படியோ, கணினி அறிவியலுக்குக் கணினி அப்படி' அவர் சொன்னதுதானே?

ப: முதல் பத்தியில் பொன்மொழிகளைப் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

கே: நெகட்டிவ் வெயிட் வந்தால் என்ன ஆகும் சார்?

ப: மேலே இருக்கிறது தம்பி.

கே: கடைசிக் காலத்தில் எழுதினாரா?

ப: எழுதினார். கடைசிக் குறிப்பின் எண் 1318, தேதி 2002 ஏப்ரல். ஆகஸ்ட் 6 அன்று நெதர்லாந்தில் நூனன் ஊரில் புற்றுநோயால் இறந்தார்.

கே: வேலை இன்டர்வியூவில் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் கேட்பார்களா?

ப: கேட்பார்கள். பென்சில் இல்லாமல் யோசித்துப் பழகுங்கள்.