புதியவர்களோடு ஒரு மலைப்பாதை - கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அடுத்த மாதம் மூன்று நாள் மலைப் பயணம் போகிறேன். காரில் ஐந்து பேர். ஒருவரைத்தான் தெரியும், அதுவும் அலுவலகப் பழக்கம். மற்ற மூவரைக் கிளம்பும் அன்றுதான் பார்க்கப்போகிறேன். எனக்கு வளைவுச் சாலையில் தலைசுற்றிக் குமட்டும். போன முறையும் இப்படித்தான் புதியவர்களோடு போனேன். சொல்லக் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பின்னிருக்கையில் கிடந்தேன். ஒரு பள்ளத்தாக்கைக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை சொல்லிவிடலாமா? சொன்னால் முதல் நாளே பாரமாகிவிடுவேனோ? நன்கு தெரிந்தவர்கள் அமையும்வரை காத்திருப்பதுதான் நல்லதா?

எம்.

அன்புள்ள எம்.,

காத்திருக்க வேண்டாம், போய்வாருங்கள். ஆனால் வண்டி கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "எனக்கு வளைவில் குமட்டும். மலைப்பாதையில் முன்னால் உட்காருகிறேன். நிறுத்தச் சொன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள்." இவ்வளவு போதும்.

நீங்கள் கேட்பது சலுகை அல்ல. வண்டி திரும்புவதை உள்காது உணர்கிறது. கண்ணோ முன்னிருக்கையின் முதுகையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டு, அசைவே இல்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததில் வருவதுதான் குமட்டல். முன்னால் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கும். ஓட்டுபவருக்கு இது அநேகமாக வருவதே இல்லை, அடுத்த திருப்பம் அவருக்கு முன்பே தெரியும். ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். வளைவில் ஓட்டுபவரின் தலை உட்பக்கம் சாயும், மற்றவர்கள் தலை வெளிப்பக்கம் சாயும். அவரைப் போலவே நீங்களும் உட்பக்கம் சாய்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது குமட்டல் அல்ல, கூச்சம். அதனால் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் நான்கு பேர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். முந்தைய நாள்தான் அறிமுகம். ஓட்டியவர் நிதானமானவர், வேகமே இல்லை. ஆனால் நீண்ட இறக்கம் முழுக்க அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது. பாதி வழியில் எனக்கு ஒரு வாடை வந்தது. ரப்பர் கருகுவதுபோல, ஆனால் அதைவிடக் காரமாக, தொண்டையில் நிற்கும் வாடை. என்னவென்று எனக்குத் தெரியும். நேற்றுப் பழகியவரிடம் "உங்கள் ஓட்டுதல் சரியில்லை" என்பதுபோல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஏழெட்டு வளைவு தாண்டியபின் அவர் மெல்லச் சொன்னார்: "பெடல் பஞ்சு மாதிரி போகுது." உடனே கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலை அகன்ற ஓர் இடத்தில் மலைப்பக்கமாக ஒதுக்கினார். முன்சக்கரங்களிலிருந்து நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அங்கே நின்றபோதுதான் தெரிந்தது, வாடை எல்லோருக்கும் வந்திருக்கிறது. அவரை அறிந்தவர் யாராவது சொல்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். ஓட்டியவருக்கோ மூன்று வளைவுக்கு முன்பே பெடல் மாறியது தெரிந்திருக்கிறது. புதியவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. நான்கு பேருடைய மரியாதையும் சேர்ந்து எங்களைப் பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

காரணம் எளியது. பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடு ஏறிக்கொண்டே போகும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் பிடிப்பை இழக்கும், கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலும் கொதிக்கும். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் சீக்கிரமே கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். காலுக்கடியில் பஞ்சாகத் தெரிவது அதுதான். ஆறும்வரை நிற்பதைத் தவிர வழியில்லை. சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் விரிசல் விடலாம். நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

தெரிந்தவர்களா புதியவர்களா என்று கேட்டீர்கள். நான் புதியவர்கள் என்றே சொல்வேன். பழைய நண்பர்கள் காரில் ஏறினால் பழைய கதைகளும் கூடவே ஏறிவிடும், ஐந்தாவது வளைவில் யாரும் வெளியே பார்ப்பதில்லை. புதியவர்களுக்குப் பேச வெளியே இருப்பதுதான் உண்டு. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் முகம் பார்த்துப் பேசும் சங்கடமும் இல்லை. பேச்சு நின்றால் நிற்கட்டும், அதை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

ஜன்னலுக்காகவும் கவலை வேண்டாம். கொண்டை ஊசி வளைவு அதைப் பார்த்துக்கொள்ளும். குதிரை வண்டிகள் செங்குத்தாக ஏற முடியாத காலத்தில், சாலையின் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1820 முதல் 1825 வரை அப்படித்தான் போடப்பட்டது. 2757 மீட்டர் உயரத்திலிருக்கும் அந்தக் கணவாய்க்கு வடபுறத்தில் மட்டும் 48 வளைவுகள். அப்படி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஒரு ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்கு மாறும். இடப்பக்கம் இருப்பவர் பார்த்ததை அடுத்த திருப்பத்தில் வலப்பக்கம் இருப்பவர் கொஞ்சம் மேலேயிருந்து பார்ப்பார். ஏமாறுவது பின்னிருக்கையில் நடுவில் உட்காருபவர் ஒருவர்தான். நிறுத்தும் இடத்திலெல்லாம் அந்த இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். முன்னிருக்கை கேட்டவர் சொன்னால் எடுபடும்.

கம்பளி ஆடை பைக்கு அடியில் போகவேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும், சூரியனும் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள்.

மூன்றாம் நாள் இறக்கம். பிரேக்குக்கு வேலை குறைய, ஏறிய கியரிலேயே இறங்கலாமா என்று ஓட்டுபவரிடம் கிளம்பும்போதே கேளுங்கள். வாடை வந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். எதிரே வண்டி ஏறி வந்தால் ஒதுங்கி வழிவிடச் சொல்லுங்கள். சரிவில் நின்றுவிட்டு மறுபடி நகர்த்துவது ஏறுபவருக்குத்தான் சிரமம். நின்ற அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் பிரேக்கும் கொஞ்சம் ஆறும்.

அன்புடன்