அஞ்சல்வழிக் கல்வி வருமானத்துக்கு மட்டுமா?

கேள்வி: பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு தொலைநிலைக் கல்வி நடத்துவது வருமானத்துக்காக மட்டும்தானே? (வாசகர், விழுப்புரம்)

பதில்: வருமானமும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன், 'மட்டும்' என்ற உங்கள் சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை முடித்து வந்த எல்லோருக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு நாட்டில் கல்லூரிகள் இல்லை. வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் திருமணமாகிப் படிப்பை நிறுத்திய பெண்களுக்கும் வேறு வாசலும் இல்லை. மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் அந்த வாசலைத் திறந்தன. இன்று நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியும் எத்தனையோ பேரின் பட்டம் அவ்வழியே வந்ததுதான்.

பணக் கணக்கு எளிமையானது. பாடத்தை ஒருமுறை எழுதி வாங்கிவிட்டால், ஆயிரம் பேர் படித்தாலும் பத்தாயிரம் பேர் படித்தாலும் எழுதிய செலவு ஒன்றுதான். வகுப்பறையும் விடுதியும் கட்ட வேண்டியதில்லை. கட்டணமோ தலைக்குத் தலை வந்துகொண்டிருக்கும். அரசு மானியம் போதாத பல்கலைக்கழகங்கள் இந்த உபரியில் கைவைக்காமல் இருக்குமா? அதைக்கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த உபரியில் ஒரு பங்காவது அதைக் கொடுத்த மாணவருக்குத் திரும்பாததே குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஞ்சல்வழி மாணவர்களை நேரில் வரவழைத்து நடத்தும் தொடர்பு வகுப்பு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வாடகைக்கு எடுத்த தொடக்கப் பள்ளியில், சிறுவர்களுக்கான தாழ்ந்த பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்களில் இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்த மில் தொழிலாளி ஒருவரும், கைக்குழந்தையை வராந்தாவில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்த பெண் ஒருவரும் இருந்தனர். அரையாண்டுப் பாடம் அன்று முற்பகலிலேயே முடிந்தது. புத்தகக் கட்டு இன்னும் வந்து சேரவில்லை என்று அந்தப் பெண் எழுந்து சொன்னார். தேர்வுக்குள் வந்துவிடும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைநிலைப் படிப்பு நடத்த, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பான 'நாக்'கின் மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளிகளோ, தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள் ஓரிடமோ வேண்டும் என்றன. தகுதி வடிகட்டல் நல்லதுதான். ஆனால் அந்தப் புள்ளி, நிறுவனம் முழுமைக்கும் கொடுக்கப்படுவது. புத்தகக் கட்டு எந்த மாதம் வீடு வந்து சேர்கிறது என்பதை அது காட்டாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒரு படிப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டத்தோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் தன் சேர்க்கை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும்.