மகளுக்கு எந்தக் குரூப்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்பவன். என் மகள் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 96 வாங்கியிருக்கிறாள். கணிதம் உள்ள குரூப்தான் வேண்டும் என்கிறாள். அதற்கு அவள் தினமும் கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும், இல்லையென்றால் கீழே விடுதியில் சேர்க்க வேண்டும். ‘பெண் பிள்ளைக்குக் கணக்கு கஷ்டம், பக்கத்துப் பள்ளியில் வணிகவியல் படித்தால் போதும்’ என்கிறார்கள் உறவினர்கள். அவளுடைய அண்ணன் 58தான் வாங்கினான். அவனை வத்தலக்குண்டு விடுதியில் விட்டுக் கணித குரூப்பில் சேர்த்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே கணக்கில் நாட்டம் குறைவா?

– ஒரு வாசகர், பூம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

96 வாங்கியவளுக்குக் கணக்கு கஷ்டம், 58 வாங்கியவனுக்கு அது வந்துவிடும் என்பதை உங்கள் உறவினர்கள் எந்த வாய்பாட்டில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுதோறும் மாணவிகளே முந்துகிறார்கள். அதுவரை கணிதம் எல்லோருக்கும் கட்டாயம். பிளஸ் ஒன் வாசலில்தான் பிள்ளைகளை ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிக்கிறோம். ஒன்றிய அரசின் 2020-21ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிகளில் அறிவியல் படிப்பவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகம். பொறியியலிலோ 100 பேரில் 71 பேர் ஆண்கள். பி.எஸ்சி. இயற்பியலுக்குக் கணக்குப் போடத் தெரிந்த பெண்ணுக்குப் பொறியியல் கல்லூரி வாசலில் அது மறந்துபோய்விடுமா என்ன?

நம் மலையில் பாதிக் காரணம் பஸ் நேரம். அறிவியல் குரூப் என்றால் செய்முறை வகுப்பு, சிறப்பு வகுப்பு, அதற்கு மேல் டியூஷன். எல்லாம் முடிவதற்குள் பனி இறங்கிவிடும், சாலையில் காட்டெருமை நிற்கும். காட்டெருமைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, நமக்குத்தான் உண்டு. ஏழு மணிக்கு வீடு திரும்பும் பையனுக்குச் சோறு போடுகிறோம்; பெண்ணிடம் இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிறோம். இரண்டு நாள் அப்படிக் கேட்டால் போதும், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க முடிகிற குரூப் எதுவோ அதையே அவள் ‘விரும்பி’ எடுத்துக்கொள்வாள். வணிகவியலை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிடித்துப் படித்தால் அது நல்ல படிப்பு.

பெண்ணுக்குக் கணக்கு வராது என்பவர்களை மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். மடியில் பேரேட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எத்தனை தவணை கட்டினார், மிச்ச அசலுக்கு இந்த மாத வட்டி எவ்வளவு என்பதையெல்லாம் தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிச் சொல்லிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் செல்போனில் கால்குலேட்டரைத் தேடி முடித்திருக்க மாட்டார். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை போன பிறகு லாரி வாடகை, கமிஷன், கூலி எல்லாம் கழித்துக் கைக்கு வந்தது சரிதானா என்று உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள்? நீங்கள்தான் என்றால் மன்னிக்கவும். பல வீடுகளில் அது அம்மாவின் வேலை.

கொடைக்கானலிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்கு 1907இல் ஜான் எவர்ஷெட் வேலைக்கு வந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அவர் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கூட வந்த மனைவி மேரியும் வானியல் ஆய்வாளர். சூரியனின் விளிம்பிலிருந்து தீப்பிழம்புபோல் எழும் பிதுக்கங்களைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1917இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. ஆனால் பதவி ஜானுக்குத்தான். லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்கத் தொடங்கியதே 1916இல்தான். மேரிக்கு அது கிடைத்தது 1924இல், அவர்கள் இந்த மலையை விட்டுப் போன பிறகு. அவருக்கு நாட்டம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? நாற்காலிதான் இல்லை. உங்கள் மகளுக்கு அந்த நாற்காலி இருக்கிறது. அதுவரை போய்ச் சேரப் பஸ்ஸோ விடுதியோதான் வேண்டும்.

உங்கள் மகனைப் பற்றியும் எனக்குக் கவலை. 58 வாங்கியவனிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டீர்களா? வரலாறு, நர்சிங், நெசவு என்று ஏதாவது சொல்லியிருந்தால் வீட்டில் சிரித்திருப்பார்கள். பையன் என்பதற்காகக் கணக்கில் தள்ளப்பட்டவனும் இதில் அகப்பட்டவன்தான். முடிந்தால் இப்போதாவது கேளுங்கள்.

இனி, ஆக வேண்டியவை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் கிடைத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும். பிளஸ் டூவில் கணிதத்தை விட்டுவிட்டால் பிறகு பொறியியலுக்குத் திரும்பி வருவது பெரும்பாடு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உட்பட, கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் இடங்களுக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதே மாணவிகள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும். ஆகவே பள்ளி மாற்றும்போது அரசுப் பள்ளியாகவே பாருங்கள். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஒதுக்கீடு போய்விடும்.

தினமும் பஸ்ஸில் போய்வருவதைவிட விடுதியே நல்லது என்பது என் எண்ணம். அரசு மாணவியர் விடுதியில் சேரச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்பார்கள். இடம் நிரம்புவதற்குள் இரண்டையும் வாங்கி வைத்துவிடுங்கள்.