இரண்டு வருஷ நர்ஸிங் போதுமா?

கேள்வி: கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி என்கிற இரண்டு வருஷ நர்ஸிங் படிப்பைப் படித்தால் மதிப்பு உண்டா? எனக்கு வயது 38.
- வாசகி, டெக்சாஸ்

பதில்: நானும் அப்படிப் படித்தவள்தான். நாலு வருஷம் படித்தவர்களுக்கும் நமக்கும் லைசென்ஸ் தேர்வு ஒன்றேதான், என்கிளெக்ஸ். குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150. 'இரண்டு வருஷம்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். அனாடமி, மைக்ரோபயாலஜி எல்லாம் முடித்த பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். எனக்கு மூன்றரை ஆனது.

முதல் கிளினிக்கல் நாளில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் தலைகீழாக மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று விழித்தேன். படுக்கையில் இருந்த தாத்தாதான் திருப்பிப் போடச் சொல்லிச் சிரித்தார்.

சில பெரிய ஆஸ்பத்திரிகள் பிஎஸ்என், அதாவது நாலு வருஷ நர்ஸிங் பட்டம், கேட்கும். சரி, அதை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம்.

வயதா? என் வகுப்பில் பேரன் எடுத்த அம்மா ஒருவர் இருந்தார். டோஸ் கணக்கில் எங்களையெல்லாம் முந்திவிடுவார்.