வாசகர் கேள்விகள்: ஒரே மேடையில் அக்காவும் தங்கையும்

சென்ற இதழில் ‘ஜார்ஜியா’ என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 1995-ல் வந்த படம். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் நகரில் ஜார்ஜியா பேரும் புகழும் பெற்ற பாடகி. கணவன், குழந்தைகள், பிறந்து வளர்ந்த வீடு எல்லாம் அவளிடம் இருக்கின்றன. தங்கை சேடியும் பாடகிதான். ஆனால் குடியும் ஹெராயினுமாக, கிடைத்த மதுக்கூடத்தில் பாடிக்கொண்டு திரிகிறவள். போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் படத்தைத் தேடிப் பார்த்தேன். சேடி பாடும் அந்த நீளமான பாட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. அதைப் போய் இப்படிப் புகழ்ந்திருக்கிறீர்களே, அம்மா?
*வாசகர், திருச்சி*

கேட்க முடியவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. நான் மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடிப் பிழைத்தவள். சுருதி விலகினால் எனக்கு உடம்பே கூசும். முதல் தடவை பார்த்தபோது எழுந்து போய்விடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் நடப்பது என்ன என்று பாருங்கள்.

எய்ட்ஸ் நோயாளிகளுக்கு நிதி திரட்டும் கச்சேரி. பெரிய அரங்கு. அக்காவின் செல்வாக்கால் சேடிக்கு ஒரு பாட்டு கிடைக்கிறது. பாடகர் வான் மாரிசனின் பாட்டு ஒன்றை எடுக்கிறாள். எட்டு நிமிடத்துக்கும் மேல் போகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், இழுக்கிறாள், கத்துகிறாள், கெஞ்சுகிறாள். குரல் கிழிந்துவிட்டது. போதை ஏறியிருக்கிறது. இயக்குநர் உலு கிராஸ்பார்ட் வேறு எதையாவது காட்டி நம்மைக் காப்பாற்றுவார் என்று பார்த்தால், மாட்டேன் என்கிறார். இந்தப் படத்தில் பாட்டுகளை முன்பே பதிவு செய்துவிட்டு வாயசைக்கவில்லை. கேமரா முன்னால் நின்று பாடியதைத்தான் நாம் கேட்கிறோம். சேடியாக நடித்த ஜெனிஃபர் ஜேசன் லீ, தன் குரல் எட்டாத உயரத்துக்கு வேண்டுமென்றே கை நீட்டுகிறார்.

அப்புறம் ஜார்ஜியா மேடைக்கு வருகிறாள். கிட்டாரோடு வந்து தங்கையின் பக்கத்தில் நின்று, கூடவே குரல் கொடுக்கிறாள். பாட்டு நிலைக்கு வருகிறது.

மேடையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், சரணத்தின் மேல் ஸ்தாயி வரும்போது பின்னால் இருக்கும் நாங்கள் மைக்குக்கு ஒரு சாண் கிட்டப் போவோம். கீபோர்டுக்காரர் அந்தச் சுரத்தை விடாமல் அழுத்திப் பிடிப்பார். கூட்டத்துக்குத் தெரியாது. பாடுகிறவருக்கு மட்டும் தெரியும். சிலர் இறங்கி வந்ததும் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். சிலர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஜார்ஜியா அந்த உதவியைப் பின்னால் இருந்து செய்யவில்லை. ஆயிரம் பேர் பார்க்க முன்னால் வந்து செய்கிறாள். அன்பினால்தான் வந்தாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து அது சேடியின் பாட்டு இல்லை. அக்கா தூக்கிவிட்ட பாட்டு. தங்கையின் ஒரே ஆசை அக்கா இல்லாமல் ஒரு பாட்டைப் பாடி முடிப்பதுதான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். கேட்க அப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எழுந்து போகத் தோன்றாது.

ஜார்ஜியா மேல் என்ன தவறு? பணம் அனுப்புகிறாள், வீட்டில் இடம் கொடுக்கிறாள், ஊர் விட்டு ஊர் போய் அழைத்து வருகிறாள். அவளையும் ஏன் குறை சொல்கிறீர்கள்?
*வாசகி, கோயம்புத்தூர்*

தவறு என்று நான் எழுதவில்லை. களைப்பு என்றுதான் எழுதினேன். இதைச் சொல்ல, ஜார்ஜியாவாக நடித்த மேர் வின்னிங்ஹாமின் முகம் போதும். செருப்புகூட இல்லாமல் விமான நிலையத்தில் வந்து நிற்கிற தங்கையைப் பார்க்கும்போது கத்துவதில்லை, அழுவதில்லை. இது வரும் என்று முன்பே தெரிந்த ஒருத்தியின் முகம் அது. போதைக்கு அடிமையான ஒருவர் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் அந்த முகத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜார்ஜியாவுக்குப் பாட்டு தானாக வருகிறது. கச்சேரி முடிந்தால் வீடு, சமையல், குழந்தைகள் என்று இருந்தால் போதும் அவளுக்கு. சேடிக்குப் பாட்டைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் அது வர மாட்டேன் என்கிறது. ஒருத்தி உயிரைக் கொடுத்துக் கேட்பது இன்னொருத்திக்குப் பெரிதாகவே தோன்றாத ஒன்று. இதற்கு யார் என்ன செய்ய முடியும்? இன்னொன்றும் இருக்கிறது. அக்கா எப்போதும் கொடுக்கிறாள். தங்கையிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு வாய்க் காபி போட்டுத் தா என்றுகூடக் கேட்காமல் ஒருவரை வீட்டில் வைத்திருப்பது அவரைக் கடன்காரராகவே வைத்திருப்பதுதான்.

கிராஸ்பார்ட்டுக்கு உடன்பிறப்புகள் கதை புதிதில்லை. 1981-ல் அவர் எடுத்த படம் ஒன்றில் அண்ணன் தம்பியாக ராபர்ட் டுவாலும் ராபர்ட் டி நீரோவும் வருவார்கள். ஒருவர் போலீஸ், ஒருவர் பாதிரியார். அங்கும் யாரையும் கெட்டவராக்க மாட்டார். ‘ஜார்ஜியா’வின் திரைக்கதை பார்பரா டர்னருடையது, அவர் ஜெனிஃபர் ஜேசன் லீயின் தாய். பெற்ற மகளுக்கு இப்படி ஒரு பாத்திரத்தை எழுதிக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததா?
*வாசகர், நாகர்கோவில்*

இல்லை. மேர் வின்னிங்ஹாம் துணை நடிகைக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனார். ஜெனிஃபர் பட்டியலிலேயே இல்லை. ஆனால் நியூயார்க் விமர்சகர்கள் வட்டம் அந்த ஆண்டின் சிறந்த நடிகை என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் ‘சிந்து பைரவி’யிலும் பாடகர் குடிக்கு அடிமையாகிறார். இரண்டையும் ஒப்பிட முடியுமா?
*வாசகர், தஞ்சாவூர்*

ஓரளவுதான். 1985-ல் பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில் ஜே.கே.பி. முதலில் மேதை. குடி அவரைக் கீழே இறக்குகிறது. அவர் மறுபடி மேலே வர வேண்டும் என்று நாம் தவிக்கிறோம். கதை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும்: மேடைக்கு. சேடிக்குத் திரும்பிப் போவதற்கு அப்படி ஒரு மேடை இருந்ததே இல்லை. அவள் குடியை விட்டாலும் பெரிய பாடகி ஆகப்போவதில்லை. திறமை இருக்கிறவன் குடித்தால் ஊரே அழுகிறது. இல்லாதவள் குடித்தால் யார் அழுவது? இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே இந்தப் படத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் ‘சிந்து பைரவி’யில் ஒரு இடம் எனக்கு ‘ஜார்ஜியா’வின் பக்கத்தில் வைக்கத் தோன்றும். மிருதங்கக்காரராக வரும் டெல்லி கணேஷ் குடித்துவிட்டு வந்த அன்று, ஜே.கே.பி. அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுவார். அன்று கூட்டத்தோடு சேர்ந்து நாமும் கைதட்டினோம். இறங்கிப் போன அந்த மனிதர் என்ன ஆனார் என்று அந்த நேரத்தில் எத்தனை பேர் யோசித்தோம்?

படத்தில் ஜார்ஜியா பாடும் ‘ஹார்ட் டைம்ஸ்’ பாட்டு யாருடையது? மிகவும் பழைய பாட்டு மாதிரி இருக்கிறதே?
*வாசகி, புதுச்சேரி*

பழையதுதான். ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1854-ல் எழுதியது. கஷ்ட காலமே, இனி எங்கள் வாசலுக்கு வராதே என்று கேட்கிற பாட்டு. அமெரிக்காவே அவர் பாட்டுகளைப் பாடியது. அவர் கையில் காசு நிற்கவில்லை. குடியில் விழுந்தார். மனைவி பிரிந்துபோனார். நியூயார்க்கில் தனியாக ஒரு விடுதி அறையில் இருந்தவர் விழுந்து அடிபட்டு, 1864 ஜனவரியில் பெல்வ்யூ மருத்துவமனையில் இறந்தார். வயது 37. பணப்பையில் இருந்தது 38 சென்ட். உடலை வாங்க வந்தவர்களில் ஒருவர் அண்ணன் மாரிசன் ஃபாஸ்டர். தம்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, பாட்டுகளையும் தொகுத்துப் பின்னால் வெளியிட்டவரும் அவர்தான். இதெல்லாம் தெரியாமலா இந்தப் பாட்டை எடுத்து இந்தக் கதையில் வைத்திருப்பார்கள்?

அம்மா, நான் படத்தைப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை மட்டும் படித்தேன். என் அண்ணன் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறான். அவன்தான் எனக்குப் பாட்டே சொல்லிக்கொடுத்தான். இப்போது எனக்கு வாய்ப்பு வருகிறது, அவனுக்கு வருவதில்லை. தினமும் குடிக்கிறான். ‘நீ மேடை ஏறினதுலதான் அவன் இப்படி ஆயிட்டான், கொஞ்ச நாளைக்குப் பாடாம இரு’ என்கிறார் எங்கள் அம்மா. நான் விலகிக்கொண்டால் அவன் சரியாகிவிடுவானா?
*வாசகி, கரூர்*

கண்ணு, மாட்டான். இதை முதலில் மனதில் போட்டுக்கொள். பொறாமை இருக்கலாம், வலி நிச்சயமாக இருக்கும். ஆனால் தினமும் குடிக்கிற நிலை வந்தபிறகு அது காரணம் பார்த்துக் குடிக்கிற குடி இல்லை. மூளையும் உடம்பும் அதற்குப் பழகிவிட்ட நோய். நீ பாடுவதை நிறுத்தினால் அதற்கு இன்னொரு காரணம் கிடைக்கும். தங்கையின் பாட்டும் என்னால் போச்சே என்று அதற்கும் சேர்த்துக் குடிப்பான். இப்படி ஒரு வீட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பிக்காக டிரம்ஸை விற்றுவிட்டு வேலைக்குப் போன அண்ணன். தம்பி திருந்தவில்லை. அண்ணனும் கடைசிவரை சிரித்து நான் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சண்டை போடாதே. பெற்றவளுக்கு ஏதாவது ஒன்றைச் செய்தால் பிள்ளை பிழைத்துவிடுவான் என்று நம்ப வேண்டியிருக்கிறது. கைக்குக் கிடைத்தது நீ.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 14446 என்பது மத்திய அரசின் இலவச போதை மீட்பு உதவி எண். அவன் வராவிட்டாலும் நீ பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்வார்களே, அது குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அங்கே குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். உன் அம்மாவுக்கு அது மிகவும் தேவை.

இன்னொன்று, இதை அசட்டை செய்யாதே. பல காலமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவரை அறையில் பூட்டி, கோயிலில் கயிறு கட்டி, ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கையில் பணமாகக் கொடுக்காதே. சாப்பாடு போடு, மாத்திரை வாங்கிக் கொடு. அவன் குடிக்காத காலை நேரத்தில் போய் ஒரு பாட்டுக்கு நோட்டேஷன் எழுதித் தரச் சொல்லிக் கேள். இரக்கப்பட்டு இல்லை, நிஜமாகவே உனக்குத் தேவைப்படுகிற பாட்டாகப் பார்த்துக் கேள். எழுதித் தந்தால் மேடையில் அவன் பெயரைச் சொல்லு. தராவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு பாட்டுக்குக் கேள்.

மாரியம்மன் கோயில் கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளலாமா என்று கடிதத்தின் பின்பக்கம் கேட்டிருக்கிறாய். ஒப்புக்கொள். அட்வான்ஸையும் வாங்கிவிடு. அன்று ராத்திரி அண்ணனோடு வீட்டில் யார் இருப்பது என்று மட்டும் உன் மாமாவிடம் இப்போதே பேசி வை.