இட்லிப் பொடி: விலையும் கடனும்

அக்கா, வீட்டுக்காரருக்கு வேலை போன நேரத்தில் வீட்டிலேயே இட்லிப் பொடி செய்து விற்கத் துணிந்து இறங்கியிருக்கிறீர்கள், பாராட்டுகள். ஆனால் கால் கிலோ பொடி 80 ரூபாய் என்றால் கையில் எப்படி நிற்கும்? உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள் விலையை மட்டும் போட்டிருக்கிறீர்கள். கேஸ், கவர், கரண்ட், முக்கியமாக உங்கள் கூலி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு அதன்மேல் லாபம் வையுங்கள். உழைப்பைக் கணக்கில் விடவே விடாதீர்கள்.

பொடி கட்டி பிடிப்பதாகச் சொன்னீர்களே, சூடு முழுக்க ஆறாமல் பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்துவிடும். பூண்டு சேர்த்த இட்லிப் பொடியைத் தனியாக, கேட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சமாக அரையுங்கள்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவை இணையத்திலேயே செய்யலாம். சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தப் பதிவு எண்ணும் பொடி கட்டிய தேதியும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

அக்கம்பக்கத்தார் கடனுக்குப் பொடி கேட்டால், "பருப்பு வாங்கவே கையில் பணம் வேணும்க்கா" என்று சொல்லிவிடுங்கள். பழகியவர்கள் கோபிக்க மாட்டார்கள்.