சின்சேயிடம் போகுமுன்: சீன வைத்தியம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், போகாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஊசி (அக்குபங்சர்), கப்பிங் (தோலில் குப்பி வைத்து உறிஞ்சுவது), கஷாயம், குழந்தைகளுக்கான தடவல் என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: சின்சேயைப் பார்க்கப் போகும் நாளில் பல் துலக்கி, நாக்கு வழிக்கலாமா?

பல் துலக்குங்கள், நாக்கை மட்டும் விட்டுவிடுங்கள். நாக்கின் மேல் படியும் மாவின் நிறம், தடிப்பு, ஈரம் மூன்றையும் பார்த்துத்தான் அவர் பாதி முடிவுக்கு வருவார். வழித்துவிட்டுப் போனால் அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. காப்பி குடித்தால் நாக்கு பழுப்பாகும், மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டால் மஞ்சளாகும். இரண்டையும் 'உடல் சூடு' என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் முன்னதாக வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு நாடி பார்ப்பதைவிட, ஆள்காட்டி விரலின் ஓரத்தில் தெரியும் நரம்பின் நிறத்தைப் பார்ப்பது வழக்கம். விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாரே என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: மூன்று வயது மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. முதுகுத் தோலைக் கிள்ளி உருட்டினால் பசி எடுக்கும் என்று பக்கத்து வீட்டுச் சீன அம்மா சொன்னார். வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். அதன் பெயர் 'நியே ஜி'. குழந்தைகளுக்கான சீனத் தடவல் முறைகளில், பெற்றோர் கற்றுக்கொண்டு செய்யத்தக்கவற்றில் இதுவே முதலாவது என்பேன். பசியின்மைக்கும் மந்தத்துக்கும் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள். ஆராய்ச்சிச் சான்று இன்னும் வலுவாக இல்லை, ஆனால் முறையாகச் செய்தால் தீங்கும் இல்லை.

காலையில் வெறும் வயிற்றில் செய்யுங்கள். முடியாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும், நிறைந்த வயிற்றில் செய்தால் வாந்தி வரும். நகத்தை வெட்டி, கையைச் சூடாக்கிக்கொண்டு, ஏர்கானை நிறுத்துங்கள். பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் சோள மாவு கொஞ்சம் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், தோல் வழுக்கிப் பிடி கிடைக்காது. முகப் பவுடரும் வேண்டாம், தூசியைப் பிள்ளை மூச்சில் இழுத்துவிடும்.

இரண்டு கட்டைவிரலும் பின்னால் தள்ள, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முன்னால் தோலை எடுத்துக்கொடுக்க வேண்டும். வால் எலும்பின் நுனியில் தொடங்கி, தண்டுவடத்தின் மேலேயே நேர்கோட்டில், கழுத்தடியில் துருத்தி நிற்கும் பெரிய எலும்பு வரை மடிப்பு நகர வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே மட்டும், திரும்பி இறங்கக் கூடாது. மொத்தம் ஐந்து தடவை. முதல் மூன்று தடவை சும்மா உருட்டுங்கள். கடைசி இரண்டில் மூன்று உருட்டுக்கு ஒரு முறை தோலை மெல்ல மேலே தூக்குங்கள். 'சட்' என்று சிறு சத்தம் கேட்டால் பரவாயில்லை. தினம் ஒரு வேளை, ஐந்தாறு நாள் செய்து, இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி தொடங்கலாம்.

பிழை பெரும்பாலும் பிடியில்தான் நடக்கும். விரல் நுனியால் கிள்ளினால் பிள்ளைக்கு வலிக்கும், அடுத்த நாள் சட்டையைக் கழற்றவே விடமாட்டான். அதிகமாக அள்ளிப் பிடித்தால் மடிப்பு நகராது. திருகவே கூடாது. தோல் சிவந்தால் சரி, கன்றிப்போனால் அழுத்தம் அதிகம். முதுகில் புண், சொறி, கடும் காய்ச்சல் இருந்தால் செய்யாதீர்கள். ஆறு மாதத்துக்குக் கீழும் வேண்டாம். எடை குறைந்துகொண்டே வந்தால் தடவலை நம்பி நாள் கடத்தாமல் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவா, பூச்சித் தொல்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு மலச்சிக்கல். அதற்கும் இதேதானா?

இல்லை, அதற்கு வயிறு. தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில், உள்ளங்கையால், தோல் அசையும் அளவு அழுத்தத்தில் ஐந்து நிமிடம். பெருங்குடல் போகும் திசையும் அதுதான். பிறகு இடுப்புக்கு நேரே தண்டுவடத்தில் தொடங்கி வால் எலும்பு வரை, இரு விரலால் மேலிருந்து கீழே 100 முறை நீவுங்கள். வயிற்றுப்போக்குக்கு இதே கோட்டில் கீழிருந்து மேலே நீவுவார்கள், திசையை மாற்றிவிடாதீர்கள். வயிறு கல்லாக உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் கையை வைக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்கு முழங்கையில் தண்ணீர் தொட்டுத் தடவுகிறார்களே?

உள்கையின் நடுக்கோட்டில், மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை, ஈர விரலால் ஒரே திசையில் 100 முதல் 300 நீவல். பிள்ளைக்கு இதமாக இருக்கும். காய்ச்சலைக் குணமாக்கும் என்று எண்ணி மற்றதை நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை.

கேள்வி: என் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்று பிறந்ததும் சொன்னார்கள். சீன மருந்து எதுவுமே கூடாதா?

இது இந்தப் பகுதியில் வந்த முக்கியமான கேள்வி. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைந்தவர்களுக்குச் சில பொருள்கள் பட்டால் சிவப்பணு உடைந்து, மஞ்சள் காமாலையும் இரத்தச் சோகையும் வரும். பச்சைக் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் அளவுக்குக் காமாலை ஏறக்கூடும்.

ஐந்து பொருள்களைத் தவிர்க்கச் சொல்வார்கள்: ஹுவாங் லியன் என்ற கசப்பு வேர், நியு ஹுவாங் எனப்படும் கோரோசனை, முத்துப் பொடி, ஜின் யின் ஹுவா பூ, லா மெய் ஹுவா பூ. 'பிறந்த குழந்தையின் சூட்டை இறக்க' என்று பாட்டிமார் கொடுத்தவை பெரும்பாலும் இவைதான், ஆபத்தும் அதனால்தான். ஹுவாங் லியனில் உள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள் காரணமாக 1978இல் சிங்கப்பூர் அதைத் தடை செய்தது, 2013இல் தடையை நீக்கியது. கடையில் கிடைக்கிறது என்பதால் உங்கள் குழந்தைக்கு ஆகும் என்று பொருளல்ல.

கோரோசனை நம் வீட்டு உரை மருந்திலும் சேரும் பொருள். சீனக் கடைக்குப் போகாமலேயே தவறு நடக்க அது ஒரு வழி. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் இவற்றைச் சாப்பிடக் கூடாது. குழந்தையின் துணி வைக்கும் அலமாரியில் அந்துருண்டை போடவே கூடாது. இந்தக் குறைபாடு ஆயுளுக்கும் இருக்கும், பெரியவனாகி மலேரியா மாத்திரை வாங்கும்போதும் சொல்ல வேண்டும்.

கேள்வி: பெரியவர்களின் மாத்திரையில் பாதியைக் குழந்தைக்குக் கொடுத்தால் போதுமா?

பாடநூல் கணக்குப்படி பிறந்த குழந்தைக்குப் பெரியவர் அளவில் ஆறில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்கு மூன்றில் ஒன்று, நடக்கும் வயதில் பாதி, பள்ளி வயதில் மூன்றில் இரண்டு. ஆனால் இது வைத்தியர் போடும் கணக்கு, மருந்து அந்தப் பிள்ளைக்கு ஆகுமா என்று முடிவு செய்த பிறகு வருவது. நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: பெரிய கறுப்பு உருண்டைகள் பல தேனில் பிடித்தவை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமி குடலில் வளர்ந்துவிடும்.

கேள்வி: மாமியார் சாப்பிடும் லியு வெய் தி ஹுவாங் மாத்திரை குழந்தைகளுக்கான மருந்து என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். சீனாவின் சோங் வம்சக் காலத்துக் குழந்தை வைத்தியர் சியென் யீ, எட்டுப் பொருள் கொண்ட பழைய மருந்திலிருந்து சூடு தரும் இரண்டை (லவங்கப்பட்டை வகையும் வத்சநாபி வகையும்) நீக்கி இதை அமைத்தார். உச்சிக்குழி மூடத் தாமதமான பிள்ளைகளுக்கு அது. அவருடைய முறைகள் 1119இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. ஆறு பொருள்களின் விகிதம் 8:4:4:3:3:3. எட்டுப் பங்கு இருப்பது வேகவைத்த ரெமானியா கிழங்கு. அது பிசுபிசுப்பானது, செரிமானம் மந்தமாக உள்ளவருக்கு வயிறு உப்பும், பேதியாகும். மாமியாருக்கு அப்படி ஆனால் சின்சேயிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: கஷாயப் பொட்டலம் கொடுத்து "மூன்று கிண்ணம் ஒரு கிண்ணமாகட்டும்" என்றார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அடிப்பிடிக்கிறது.

ஊற வைக்காமல் அடுப்பில் ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். காய்ந்த வேர் முதலில் தண்ணீரைக் குடிக்கும், பிறகுதான் சாரத்தை விடும். பொட்டலத்தை மண் சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ கொட்டி, பச்சைத் தண்ணீர் இரண்டு விரல் மேலே நிற்கும்படி ஊற்றி அரை மணி ஊற விடுங்கள். எவர்சில்வரும் ஆகும். இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டாம். துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கஷாயம் கறுத்துவிடும்.

பெரிய தீயில் கொதி வந்ததும் சிறுதீக்கு இறக்கி 30 நிமிடம். வடித்துவிட்டு, அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு 20 நிமிடம். இரண்டு வடிகட்டலையும் ஒன்றாகக் கலந்து பிறகு இரண்டு வேளைக்குப் பிரியுங்கள். தனித்தனியாகக் குடித்தால் காலையில் கெட்டி, மாலையில் நீர். சளி மருந்துக்கு 15–20 நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். சத்து மருந்து முக்கால் மணி வரை தாங்கும்.

பொட்டலத்துக்குள் தனியாகக் கட்டிய சிறு பொட்டலம் இருந்தால் அதை ஏன் பிரித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சிப்பி ஓடு போன்றவை அரை மணி முன்னதாகவே கொதிக்க வேண்டும். புதினா கடைசி ஐந்து நிமிடம். சிறு விதைகள் துணியில் கட்டியபடியே போக வேண்டும். அவிழ்த்துக் கொட்டினால் கொழகொழத்து அடியில் ஒட்டும், உங்கள் சட்டி அடிப்பிடிக்க இதுவும் காரணமாக இருக்கலாம். 'ஃபூ ஸி' என்று எழுதியிருந்தால் விளையாட்டில்லை. அது வத்சநாபி இனம், சொன்ன நேரம் முழுக்கக் கொதித்தால்தான் நஞ்சு குறையும். குடித்ததும் நாக்கும் உதடும் மரத்து, நெஞ்சு படபடத்தால் உடனே ஆம்புலன்ஸ்.

கருகிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சளிக்குக் கொடுத்த மருந்தோடு கஞ்சி குடிக்கச் சொன்னார் சின்சே. சும்மா சொன்னாரா?

சுமார் 1800 ஆண்டுக்கு முன் சீன வைத்தியர் சாங் சோங்ஜிங் குயி சி கஷாயத்துக்கு எழுதிய வழிமுறையிலேயே அது இருக்கிறது. அந்தக் கஷாயத்தில் லவங்கக் குச்சி, வெள்ளைப் பியோனி வேர், இஞ்சி, இலந்தை, அதிமதுரம் என ஐந்து பொருள்கள். குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி ஒரு கிண்ணம் குடித்து, போர்த்திப் படுத்து, உடல் முழுக்க லேசாக ஈரம் கசியும்வரை இருக்க வேண்டும். வியர்வை ஓடக் கூடாது. ஒரு வேளையிலேயே வியர்த்துச் சரியானால் மீதி வேளை வேண்டாம். சமைக்காத காய்கறி, குளிர்ந்தது, எண்ணெய்ப் பண்டம், இறைச்சி அன்று தவிர்க்கவும். அதிமதுரம் இருப்பதால், இரத்தக் கொதிப்பு உள்ளவர் இதை வாரக்கணக்கில் நீட்டக் கூடாது. அது கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். ஊசி போட்டால் சரியாகுமா?

தேய்ந்த குருத்தெலும்பு வளராது. வலி குறையலாம். முழங்கால் வலிக்கும் கீழ்முதுகு வலிக்கும் அக்குபங்சர் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் ஒன்றிரண்டு என்று ஆறிலிருந்து எட்டு முறை போகட்டும். அதற்குள் படியேறுவதில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஊசி 0.25 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், உறை பிரிக்காத புதியது என்று கண்ணால் பாருங்கள். உள்ளே போனதும் கனம், மந்த வலி, மதமதப்பு வர வேண்டும். மின்சாரம் அடித்த மாதிரி சுரீர் என்றால் அந்த நொடியே சொல்ல வேண்டும், நரம்பில் பட்டிருக்கும். 20 முதல் 30 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் ஊசி இறுகிக்கொள்ளும். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும். தோள்பட்டை மேட்டில் ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சுத் திணறினால் நுரையீரலில் குத்தியிருக்கலாம், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் ஸூ ஸான் லீ புள்ளியை அழுத்திவிடலாம். முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து நான்கு விரல் அகலம் கீழே, காலெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அந்த நான்கு விரல் அம்மாவுடையதாக இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல. குழந்தைக்குப் பார்த்தாலும் குழந்தையின் விரல்தான் அளவு.

கேள்வி: கப்பிங் செட் ஆன்லைனில் வாங்கினேன். தீ வைத்துச் செய்யலாமா?

தீ வேண்டாம் தம்பி. தீக்காயம் பெரும்பாலும் பஞ்சிலிருந்து சொட்டும் சாராயத்தால் வருகிறது. பழகியவர்கள் பஞ்சைப் பிழிந்து, தீயைக் குப்பியின் நடுவில் ஓரிரு நொடி மட்டும் காட்டி எடுப்பார்கள், விளிம்பு சூடாக விடமாட்டார்கள். உங்களுக்குக் கைப்பம்பு வைத்த பிளாஸ்டிக் குப்பி போதும். இரண்டு இழுப்பு, ஐந்து நிமிடம், முதுகின் சதைப்பகுதியில் மட்டும். எடுக்கும்போது காற்றுத் திறப்பை இழுங்கள், குப்பியைப் பிடுங்காதீர்கள். பத்து நிமிடம் தாண்டினால் கொப்புளம் வரும். கறுத்த தடம் 'கெட்ட இரத்தம்' அல்ல, தோலடியில் கசிந்த இரத்தம், ஒரு வாரம் பத்து நாளில் மறையும். அதற்குள் அதே இடத்தில் மீண்டும் வைக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது.

கேள்வி: அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். சூப்பில் டாங் குய் போடலாமா?

கூடாது. வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. டாங் குய், டான் ஷென் ஆகிய சீன மூலிகை வேர்கள் அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவு வரவைக்கும். ஜின்செங் அதற்கு எதிராக வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கலாம். கோஜி பழத்தாலும் சிக்கல் வந்திருக்கிறது. சூப் என்றாலும் மருந்து மருந்துதான். அப்பாவுக்குக் கப்பிங்கும் வேண்டாம்.

கேள்வி: ஜொகூரில் ஒருவர் விற்கும் கறுப்பு மாத்திரையில் மூட்டு வலி ஒரே இரவில் போய்விட்டது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் உப்பியிருக்கிறது. தொடரலாமா?

அக்கா, ஒரே இரவில் வலியை நிறுத்தும் மூலிகை கிடையாது. இப்படிப்பட்ட மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூர், மலேசிய சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். முகம் உப்புவது அதன் அடையாளம். பசி கூடி, தோல் மெலிந்து எளிதில் கன்றுவதும், சர்க்கரை ஏறுவதும் கூட வரும்.

ஆனால் இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். மீதி மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொண்டு நாளைக் காலை மருத்துவரிடம் போங்கள், எவ்வளவு நாளில் எப்படிக் குறைப்பது என்று அவர் திட்டம் தருவார். வாந்தி, தலைசுற்றல், கடும் சோர்வு வந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், மாத்திரை உறையைக் காட்டுங்கள்.